தாத்தா எந்த மாவட்டம்?

திருத்தணிக்காரர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1900-ல் பிறந்தவர். ஊரைவிட்டு எங்கும் போகாதவர். மிஞ்சிப் போனால் பக்கத்தில் உள்ள கனகம்மாசத்திரம் வரை நடந்து போய் வருவார். அவ்வளவுதான்.

அவர் பிறந்தபோது வட ஆர்க்காடு மாவட்டத்துக்காரர். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானது. சித்தூர்க்காரர் ஆகிவிட்டார். 1953 அக்டோபர் 1-ம் தேதி காலையில் கண் விழித்தால், அவர் ஆந்திர மாநிலத்துப் பிரஜை! ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, நாடாளுமன்றச் சட்டம் எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1 முதல் சென்னை ராஜ்ஜியம், செங்கல்பட்டு மாவட்டம். 1969-ல் அந்த ராஜ்ஜியத்தின் பெயர் தமிழ்நாடு. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது அவருடைய பேரன் மறுபடியும் விலாசத்தை மாற்றி எழுதினான்.

மனுஷன் ஓர் அடிகூட நகரவில்லை. மாவட்டம்தான் அவர் தலைக்கு மேல் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

இப்போது அந்தப் பேரனின் மகள், "கொள்ளுத் தாத்தா எப்போது பிறந்தார்?" என்று தேடக் கிளம்புகிறாள். எங்கே தேடுவாள்?

சென்சஸ் இருக்கிறதே என்பீர்கள். 1871-ல் ஆரம்பித்தது. நாடு முழுக்க ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது 1881-ல். வீடு வீடாகப் போய்த் தலையை எண்ணினார்கள். ஆனால், கூட்டல் கணக்குப் போட்டு முடித்ததும் அந்தக் காகிதங்களின் வேலை முடிந்தது. நமக்கு மிஞ்சியிருப்பது மொத்தம் மட்டும். இந்த தாலுகாவில் ஆண் இத்தனை, பெண் இத்தனை. அதில் கொள்ளுத் தாத்தா இருக்கிறார், 'ஒன்று' என்ற எண்ணிக்கையாக. சுதந்திர இந்தியாவின் 1948-ம் ஆண்டு சென்சஸ் சட்டமோ, தனி நபர் விவரத்தை யாரும் பார்க்கவே கூடாது என்கிறது. பிரிட்டனில் நூறு வருஷம் ஆனதும் ஏட்டைத் திறந்துவிடுகிறார்கள். 1921 சென்சஸ் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. நம்மை எண்ணியவர்கள், அவர்கள் ஊர்ப் பெயர்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள்!

சரி, பிறப்புப் பதிவு? 1899-ல் சென்னை மாகாணத்துக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஆனால், பிறந்த குழந்தைக்கு அன்றைக்கே பெயர் வைக்கிற வழக்கம் நம்மிடம் ஏது? ஆகவே ஏட்டில் 'ஆண், தகப்பன் பெயர் இன்னார்' என்பதோடு நின்றுபோன குழந்தைகள் ஏராளம். அப்பா பெயர் தெரியாமல் போனால் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட தேதிதான் பலருக்கு ஆயுசு முழுக்க நின்றது.

சாமானியர்கள் கதைதானே என்று நினைக்காதீர்கள். இதே திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனின் பிறந்த நாளை செப்டம்பர் 5 என்று தேசமே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. பதிவுப்படி வருஷம் 1888. ஆனால், தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே அவர் கருதியதாக மகன் சர்வபள்ளி கோபால் எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஜனாதிபதி கதையே இப்படி!

அப்படியானால், ஏடு யாரைத்தான் ஒழுங்காக எழுதும்? பி.காம். படித்தவனுக்குத் தோன்றுகிற பதில் இது: பணம் எங்கே கைமாறுகிறதோ, அங்கே முழுப் பெயர் எழுதப்படும்.

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் திருவாலங்காடு. அங்கே 1905-ல் கிடைத்தவை ராஜேந்திர சோழனின் 31 செப்பேடுகள். சோழ வம்சத்தைச் சூரியனிடமிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சொல்கின்றன. எதற்காக? பழையனூர் என்ற ஊரைக் கோயிலுக்குக் கொடுத்ததற்கான பத்திரம் அது.

இன்னோர் உதாரணம், கடல் தாண்டி. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. 1911 வரை இப்படிப் போனவர்கள் 1,52,000-க்கும் மேல். அந்தக் கப்பல் பட்டியல்களில் என்ன இருக்கிறது தெரியுமா? பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்புகூட! ஊரிலேயே வாழ்ந்து செத்தவருக்கு இல்லாத விவரம், ஊரைவிட்டுப் போன கூலிக்கு இருக்கிறது. அன்பினால் எழுதியதல்ல. அவர் மீது ஒரு முதலாளி பணம் போட்டிருந்தார். ஓடிப்போனால் பிடிக்க வேண்டாமா?

டர்பனில் இருக்கும் அவருடைய வாரிசு, அதில் 'வட ஆர்க்காடு' என்று பார்த்துவிட்டு இன்றைய மேப்பில் தேடினால் அப்படி ஒரு மாவட்டமே கிடையாது. வேலூரில் போய் விசாரிப்பார். ஊரோ திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கலாம், ஆந்திராவில்கூட இருக்கலாம்.

ஆகவே, மூதாதையைத் தேடுகிறவர் முதலில் ஊரின் ஜாதகத்தைத் தேட வேண்டும். எந்த வருஷம், எந்த மாவட்டம், எந்த மொழி என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். சித்தூர் காலத்து ஏட்டில் 'சுப்பிரமணியன்' தெலுங்கில் 'சுப்பிரமணியம்' ஆகியிருப்பார். அடுத்து, பணம் அவரைத் தொட்ட இடங்கள். அரைக் காணி நிலம் விற்றிருந்தாலும் பத்திரத்தில் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று இருக்கும், நான்கு எல்லையில் அக்கம்பக்கத்தார் பெயரும் சேர்த்து. திருத்தணிப் பக்கம் கார்வேட்டிநகர் ஜமீன். 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, யார் உழுத நிலம் எது என்று அரசாங்கம் எழுதிய ஏடுகளிலும் பார்க்க வேண்டும்.

நிலமும் இல்லை, கடன் பத்திரமும் இல்லை, கப்பலும் ஏறவில்லை என்றால்? பெண்களில் பெரும்பாலோர் கணக்கு இதுதான். சத்திரம் ஒன்றின் மூலமாக ஒரு கனகம்மாவின் பெயர் ஊர்ப் பலகையில் ஏறியிருக்கிறது. மற்ற கனகம்மாக்கள் 'இன்னார் சம்சாரம்' என்பதோடு சரி.

அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஏடு, உங்கள் வீட்டில் திண்ணையிலோ கட்டிலிலோ உட்கார்ந்திருக்கும் பாட்டிதான். அவருடைய அம்மா பெயர் என்ன, பாட்டி பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்கள் என்று கேட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதி வைத்துவிடுங்கள். அந்த ஏட்டுக்கு நகல் கிடையாது.