அமைதிப்படை விவாதமும் சிவகாசித் தொகுதியும்

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜெ. ஆர். ஜெயவர்த்தனாவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையின்பேரில் இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குச் சென்ற இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி, 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. இடைப்பட்ட ஏறத்தாழ 32 மாதங்களில், இப்படையைத் திரும்பப் பெறுவதா, பெறுவதாயின் எப்போது, எந்த நிபந்தனையின்மேல் என்ற கேள்விகள் டெல்லியிலும் கொழும்பிலும் சென்னையிலும் ஓயாமல் விவாதிக்கப்பட்டன. அந்த விவாதத்தில் முன்னின்ற ஒருவர் தம் தரப்போடு நேராக வாக்காளர் முன் போய் நின்ற தொகுதி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசி. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985இல் பிரிக்கப்பட்டு அன்று காமராசர் மாவட்டம் என்றும், 1997 முதல் விருதுநகர் மாவட்டம் என்றும் வழங்கும் நிலப்பகுதி அது.

இலங்கைச் சிக்கல் இப்பகுதிக்குப் புதிதன்று. மலையகத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் வழியாக ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களுள் இராமநாதபுரமும் ஒன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் திரும்பி வந்தோரில் பலர் தென்மாவட்டங்களில் குடியேறினர். இலங்கையில் தமிழருக்கு எதிராக மூண்ட 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் அந்த உறவு அரசியல் வடிவம் பெற்று, 1986 மே மாதத்தில் அண்டை நகரமான மதுரையில் தமிழீழ ஆதரவாளர் அமைப்பான டெசோ கூட்டிய மாநாட்டில் அகில இந்தியத் தலைவர்களே மேடையேறும் அளவுக்கு வளர்ந்திருந்தது. எனவே உடன்படிக்கை கையெழுத்தானபோது அதைத் தமிழர் பெற்ற வெற்றியாகப் பலரும் வரவேற்றதில் வியப்பில்லை. 1987 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மெரினாவில் ராஜீவ் காந்தியுடன் முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் மேடையில் இருந்தார்.

அந்த வரவேற்பு மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. செப்டம்பர் 26இல் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாநோன்பிருந்து இறந்தார். அக்டோபர் 5இல் பலாலி முகாமில் காவலில் இருந்த புலிகளின் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட பன்னிருவர் நஞ்சருந்தி மாண்டனர். அக்டோபர் 10இல் யாழ்ப்பாணத்தைப் புலிகளிடமிருந்து கைப்பற்றும் இந்திய இராணுவ நடவடிக்கை தொடங்கி, இலங்கைப் படையையும் புலிகளையும் விலக்கிவிடப் போன படை ஒரு தரப்பாகவே மாறியது. அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 21இல் வந்தது. ‘பயராபீஸ்’ என்று சிவகாசி வட்டாரத்தார் சொல்லும் பட்டாசு ஆலைகளில் ஆண்டு முழுவதும் குழாய் சுற்றி, மருந்து அடைத்து, திரி வைத்துக் கட்டிய சரக்கு தமிழகத்து வாசல்கள்தோறும் வெடித்துக்கொண்டிருந்த அதே நாளில், யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு தரப்புத் துப்பாக்கிச் சண்டையிடையே நேர்ந்தது என்று படைத் தரப்பு சொன்ன விளக்கத்தைத் தமிழகத்தில் ஏற்றோர் குறைவு. படையைத் திரும்பப் பெறு என்ற முழக்கம் தமிழக மேடைகளில் வலுத்தது இதன் பிறகுதான்.

இந்த விவாதத்தின் சட்டப் பின்னணி கவனிக்கத்தக்கது. வெளிநாட்டு உறவு, உடன்படிக்கை, போரும் அமைதியும் ஆகிய மூன்றும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் உள்ள ஒன்றியப் பட்டியலில், அதாவது மத்திய அரசுக்கு மட்டுமே உரிய அதிகாரங்களின் பட்டியலில், அடங்குபவை. படையை அயல்நாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல்கூடத் தேவையில்லை என்னும்போது, மாநில அரசின் கருத்து வேண்டுகோள் என்ற அளவைத் தாண்ட வழியில்லை. சட்டம் மட்டுமன்றி, படையில் ஆள் சேரும் முறையும் எதிர்ப்பின் வலுவைத் தீர்மானித்தது. அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு எதிரான இயக்கம் வலுப்பெறக் கட்டாய ஆள்சேர்ப்பு ஒரு பெரிய காரணம். போர் அங்கே கல்லூரி மாணவனின் வீட்டுக்கே கடிதமாக வந்தது. இந்தியப் படையோ விருப்பத்தின்பேரில் சேர்ந்தோரால் ஆனது என்பதால், ஏறத்தாழ 1,200 வீரர்கள் இலங்கையில் மடிந்தபோதிலும் அந்த இழப்பு நாடெங்கும் சிதறிக் கிடந்த கிராமங்களின் தனித்தனித் துயரமாகவே நின்றுவிட்டது. இப்போரில் காட்டிய வீரத்துக்காகப் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரரான மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் ஒரு தமிழர் என்பதும், அன்றைய தமிழக மேடைகள் எந்தப் பக்கத்திலிருந்தும் எளிதாகக் கையாள முடியாத ஓர் உண்மையாகவே இருந்தது.

திரும்பப் பெறக் கோரியோர் ஒரே அணியினர் அல்லர் என்பது இவ்விவாதத்தின் விசித்திரம். 1989 ஜனவரியில் இலங்கைக் குடியரசுத் தலைவரான பிரேமதாசா, ஜூன் 1 அன்று, ஜூலை 29க்குள் இந்தியப் படை முழுதும் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். இலங்கையின் தெற்கில் இந்திய எதிர்ப்பைக் கொண்டே கிளர்ச்சி வளர்த்த சிங்கள இடதுசாரி அமைப்பான ஜே.வி.பி.யின் கையிலிருந்து அந்த ஆயுதத்தைப் பறிப்பது அவர் நோக்கம். தங்களை வேட்டையாடும் படை போனால் போதும் என்று விடுதலைப் புலிகள் அவரோடு பேச்சு நடத்தினர். தமிழரைத் தமிழர் வரிப்பணத்தில் கொல்வதா என்று தி.மு.க. மேடைகள் கேட்டன. எதிர்த் தரப்பிலும் பொருளற்ற வாதம் இல்லை: உடன்படிக்கை உறுதியளித்த அதிகாரப் பகிர்வு நிறைவேறாமல் படை விலகினால், 1988 டிசம்பரில் முதலமைச்சரான வரதராஜப் பெருமாளின் வடகிழக்கு மாகாண அரசு ஒரு மாதமும் தாங்காது என்பதும், உடன்படிக்கையை நம்பி வந்த தமிழ் அமைப்பினர் பலியாவர் என்பதும் டெல்லியின் நிலை. பின்னாளில் நடந்ததைப் பார்த்தால் அந்த அச்சம் பொய்க்கவில்லை. ஆயினும் விருந்தாளியை அழைத்தவரே வெளியேறச் சொன்ன பின் அங்கே தங்குவதற்கு நியாயம் ஏது என்ற கேள்விக்கு டெல்லியிடம் விடையில்லை. ஜூலை 29 அன்று பெயருக்கு 600 வீரர்கள் மட்டும் திரும்பினர். செப்டம்பர் 18 அன்று இரு அரசுகளும் முழு விலகலுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன.

இந்த ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதங்களில், தீபாவளி முடிந்த கையோடு, மக்களவைத் தேர்தல் வந்தது. சிவகாசியில் தி.மு.க. வேட்பாளராக நின்றவர், பின்னாளில் வைகோ என அறியப்பட்ட வை. கோபால்சாமி. அன்று மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அவர், அவ்வாண்டு பிப்ரவரியில் தம் கட்சித் தலைமைக்கும் சொல்லாமல் கள்ளத்தோணியில் கடல் கடந்து, இந்தியப் படையின் முற்றுகைக்குள் இருந்த வன்னிக் காட்டில் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சந்தித்துத் திரும்பியவர். ஆட்சியேறி ஒரு மாதமே ஆகியிருந்த முதலமைச்சர் கருணாநிதிக்கு அது பெரும் சங்கடத்தை உண்டாக்கியது. எதிரே காங்கிரஸ் கூட்டணியில் அ.தி.மு.க. நிறுத்தியவர் கா. காளிமுத்து: சாத்தூர்ப் பக்கத்து இராமுத்தேவன்பட்டிக்காரர், 1965 மொழிப் போராட்டத்தில் மாணவர் தலைவராக எழுந்தவர், மேடைத் தமிழில் கோபால்சாமிக்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். தமிழுணர்வில் குறைந்தவர் என்று காளிமுத்துவைச் சுட்ட இயலாத நிலையில், படையை அனுப்பிய கட்சியின் கூட்டாளி என்ற குற்றச்சாட்டு கூர் மழுங்கிப்போனது.

காளிமுத்து வென்றார். தமிழகத்தின் 39 தொகுதிகளில் 38ஐக் காங்கிரஸ் – அ.தி.மு.க. அணி கைப்பற்ற, எஞ்சிய நாகப்பட்டினம் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குப் போனது. படை விலகலை உரக்கக் கோரிய தி.மு.க.வுக்கு ஓரிடமும் இல்லை. இதைப் போருக்குக் கிடைத்த ஒப்புதலாகக் கொள்வது பிழை. ஜனவரியில் தி.மு.க. ஆட்சி பிடித்தது அ.தி.மு.க. ஜானகி அணி, ஜெயலலிதா அணி என்று இரண்டாகப் பிளந்து நின்றதால். நவம்பருக்குள் அணிகள் இணைந்து இரட்டை இலைச் சின்னம் மீண்டு, காங்கிரசின் வாக்குகளும் அதனோடு சேர்ந்துவிட்டன. 1967இல் காமராசரையே அவர் பிறந்த விருதுநகரில் 1,285 வாக்குகளில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்கச் செய்த மாவட்டம் இது. அலை வீசினால் அடித்துச் செல்லத் தயங்காத வாக்காளரை ஈழப் போர் அப்படியோர் அலையாக வந்து தொடவில்லை என்பதே 1989 காட்டும் செய்தி. கூலியும் குடிநீரும் 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தால் ஆலைகள்மேல் விழுந்த கண்ணும் அங்கே அன்றாடப் பேச்சாக இருந்தன.

டெல்லியில் ஆட்சி மாறி வி. பி. சிங் பிரதமரானதும் விலகல் விரைவு பெற்றது. சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்று திரும்பும் படையை வரவேற்க இயலாது என்பது அவர் நிலை. அது படை வட்டாரத்தில் ஆழ்ந்த மனக்கசப்பை விளைத்தது. புலிகளுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டி 1991 ஜனவரி 30 அன்று, ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும், கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்டபோது அந்தப் புறக்கணிப்பும் பலர் நினைவில் இருந்தது. படை போன மூன்றாம் மாதமே இலங்கையில் மீண்டும் போர் மூண்டு, அகதிகள் இலட்சத்தைத் தாண்டி வந்தனர். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, செவலூர், ஆனைக்குட்டம், மல்லாங்கிணறு முகாம்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். மேடையில் கேட்ட ஈழம் இவ்வூர்க்காரர்களுக்கு அண்டை வீடாக ஆனது இப்போதுதான்.

1998இலும் 1999இலும் சிவகாசி, அப்போது தனிக்கட்சித் தலைவராகிவிட்ட வைகோவைத் தேர்ந்தெடுத்தது, முதல்முறை அ.தி.மு.க. கூட்டணியிலும் அடுத்த முறை தி.மு.க. கூட்டணியிலும். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் புலிகளிடம் வீழ்ந்து, யாழ்ப்பாணத்தில் பல்லாயிரம் இலங்கைப் படையினர் சிக்கிக்கொண்டபோது கொழும்பு மீண்டும் இந்தியாவின் உதவியை நாடியது. வாஜ்பாய் அரசு படை அனுப்ப மறுத்ததில், 1987இன் நினைவோடு, கூட்டணிக்குள் இருந்த சிவகாசி உறுப்பினர் உள்ளிட்ட தமிழகக் கட்சிகளின் எதிர்ப்புக்கும் பங்குண்டு. தொகுதி மறுவரையறையில் சிவகாசி மறைந்து விருதுநகர்த் தொகுதி உருவான பின், இலங்கையின் முள்ளிவாய்க்காலில் போர் உச்சத்தில் இருந்த 2009 மே மாதத்தில் வைகோ அங்கே நின்று, காங்கிரசின் மாணிக்கம் தாகூரிடம் 15,764 வாக்குகளில் தோற்றார். மூன்றாவதாக வந்த தே.மு.தி.க. வேட்பாளர் பெற்றவை ஒன்றேகால் இலட்சம்.