மாதிரி வானூர்திகளின் வண்ணமும் தேய்வும்: மட்டக்களப்புக் கடல், 1942

வெயில், உப்புக்காற்று, புகை, எண்ணெய், காலடி ஆகியவை விமானத்தின் மேல் விட்டுச்செல்லும் தடங்களை, அளவுக்கேற்பக் குறுக்கி மாதிரியின் மேல் காட்டும் வேலை 'வெதரிங்' எனப்படுகிறது. பெரும்பாலும் வண்ணப்பூச்சு முடிந்த பின்பு இது தொடங்கும். 1936இல் பிரித்தானியாவின் 'ஃப்ரொக் பென்குயின்' வரிசை 1/72 அளவில் பிளாஸ்டிக் தொகுதிகளை விற்கத் தொடங்கியது. பின்னாளில் எயார்பிக்ஸ், தமியா, ஹசெகாவா ஆகிய நிறுவனங்கள் இப்பொழுதுபோக்கை உலகெங்கும் கொண்டுசென்றன.

மட்டக்களப்பு இக்கலைக்குள் வருவது 1942 ஏப்ரல் 9ஆம் நாளின் வழியாக. முதல்நாள் இரவு திருகோணமலையிலிருந்து விலகிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மீஸ்', மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் ஜப்பானியரின் கண்ணில் பட்டது. எண்பதுக்கு மேற்பட்ட ஐச்சி டி3ஏ பாய்வுக் குண்டுவீச்சு விமானங்கள் தாக்கின. கப்பலோடு 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். துணைக்கு வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் 'வம்பயர்' உம் மூழ்கியது. உயிர் தப்பியோரை 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் ஏற்றிக்கொண்டது. ரத்மலானையிலிருந்து உதவிக்குப் பறந்த ஃபுல்மார் விமானங்கள் பிந்திவிட்டன. ஹெர்மீஸின் சிதைவு இன்றும் ஐம்பது மீற்றருக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கிறது.

அன்று ஹெர்மீஸில் விமானம் எதுவும் இல்லை. அதன் சோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலைச் சீனன்குடாவில் இறக்கப்பட்டிருந்தன. ஆகவே 1/700 அளவில் கப்பலைச் செய்து தளத்தில் சோர்ட்ஃபிஷ்களை அடுக்கினால், பார்க்க அழகாயிருக்கும்; அந்த நாளுக்குப் பொருந்தாது.

தாக்கிய ஐச்சி விமானங்களே மாதிரிக்காரர்களிடையே அதிகம் விவாதிக்கப்படுபவை. அவற்றின் உடல் வண்ணம் சாம்பலா, மஞ்சளோடிய சாம்பலா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. என்ஜின் மூடி நீலங்கலந்த கறுப்பு. விசிறியின் முன்பக்கம் வெறும் உலோகம், நுனியில் சிவப்புக் கோடுகள். எந்தக் கப்பலின் விமானம் என்பதை உடலின் பட்டைகள் சொல்லும்: அக்காகிக்குச் சிவப்பு ஒன்று, சோரியுவுக்கு நீலம் ஒன்று, ஹிரியுவுக்கு நீலம் இரண்டு, ஷோகாக்குவுக்கு வெள்ளை ஒன்று, சுய்காக்குவுக்கு வெள்ளை இரண்டு. காகா கப்பல் அப்போது ஜப்பானுக்குத் திரும்பியிருந்ததால், அதற்குரிய சிவப்பு இரட்டைப் பட்டை இக்காட்சியில் வரக்கூடாது.

பிரித்தானியப் பக்கத்தில், சீனன்குடாவின் 261ஆம் அணி ஹரிக்கேன்கள் மேலே கடும்பச்சையும் மண்நிறமும் பூண்டவை. கடற்படையின் ஃபுல்மாருக்கும் சோர்ட்ஃபிஷுக்கும் சாம்பல் சார்ந்த கடல்வண்ணங்கள். வட்டச் சின்னத்தின் நடுவே சிவப்புப் பொட்டு அப்போது இருந்தது. ஜப்பானியச் சூரியனோடு குழம்பியதால் அது பின்னர் ஆசியக் களத்தில் நீக்கப்பட்டது. பொட்டில்லாத சின்னம் ஒட்டிய 1942 ஏப்ரல் ஹரிக்கேன், தேய்வு எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், தவறான மாதிரிதான்.

தேய்வில் அடிக்கடி நேரும் பிழை செந்துரு. 1924இல் திறக்கப்பட்ட, மட்டக்களப்பின் கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்து வளர்ந்த கைக்கு, உப்புக்காற்று என்றாலே செம்பழுப்புத்தான் நினைவுக்கு வரும். விமான உடலோ பெரும்பாலும் அலுமினியம். அது சிவக்காது, வெளிறிச் சாம்பலாகும், மாவாகப் பூக்கும். செந்துரு புகைக்குழாய் போன்ற உருக்குப் பாகங்களுக்கே உரியது. அதேபோல, துணி போர்த்திய பரப்பில் வண்ணம் உரிந்து உலோகம் பளிச்சிடாது. சோர்ட்ஃபிஷ் பெரும்பகுதியும் துணி. ஹரிக்கேனின் பின்னுடலும் துணி. கூரிய தூரிகையால் வெள்ளிப் புள்ளி வைக்குமுன் அடியில் என்ன இருந்தது என்று பார்ப்பது நல்லது.

அளவுக் கணக்கும் உண்டு. 1/72 மாதிரியில் ஒரு மில்லிமீற்றர் உரிவு, உண்மையில் ஏழு சென்ரிமீற்றருக்கு மேல். விமானி ஏறும் சிறகின் அடிப்பகுதி, திருகாணி மூடிகள், சிறகின் முன்விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் பஞ்சால் மெல்லத் தொட்டால் போதும். ஜப்பானிய விமானங்கள் கப்பலின் கொட்டகைக்குள் பராமரிக்கப்பட்டவை. அவற்றின் சக்கர உறைகளில் சேறு அப்புவதற்கு நியாயமில்லை. 261ஆம் அணி சீனன்குடாவுக்கு வந்தது மார்ச் மாதத்தில். தூசும் புகைக்கறையும் பொருத்தம். அந்தத் தளத்தில் பல வருட வெயில் தின்றது போன்ற வெளிறல் பொருந்தாது. இணையத்தில் பாராட்டுப் பெறும் மாதிரிகளில் பாதிக்கு மேல் இந்த விடயத்தில் மிகைதான் என்பது என் எண்ணம்.

வேலை முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றே. பாகங்களைச் சவர்க்கார நீரில் கழுவி, அடிப்பூச்சு இட்டு, எயார்பிரஷால் மெல்லிய அடுக்குகளாக வண்ணம் பூசுவர். ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் சற்று வெளிறிய கலவை தெளித்தால் வெயில் பட்ட தோற்றம் கிடைக்கும். பளபளப்பு வார்னிஷ் மேல் சின்னங்களை ஒட்டி, மெலிதாக்கிய எண்ணெய் வண்ணத்தைத் தகட்டுக் கோடுகளில் ஓடவிட்டுத் துடைப்பர். புகைக்கறையும் எண்ணெய்க் கசிவும் காற்று ஓடும் திசையில் முன்னிருந்து பின்னாக இழுபட வேண்டும். கடைசியில் மங்கல் வார்னிஷ்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் இவ்வேலைக்குப் பருவம் பார்க்க வேண்டும். மாரி மாதங்களில் ஈரப்பதத்தால் லக்கர் வார்னிஷ் பால்போல் வெளுக்கும். கொம்பிரஸரில் சேரும் நீர் வண்ணத்தோடு துப்பும். அதனால் நீர்ப்பிரிப்பான் பொருத்துவதும், மழை ஓய்ந்த நண்பகலில் தெளிப்பதும் உதவும். வெயிற்காலக் கச்சான் காற்று வீசும்போது நிலை தலைகீழ். அக்ரிலிக் வண்ணம் எயார்பிரஷ் ஊசிமுனையிலேயே காய்ந்து அடைக்கும். வழியில் உலர்ந்து பரப்பில் மணலாக விழும். உலர்வைத் தாமதிக்கும் கரைசலைச் சில துளிகள் சேர்த்து, காற்று நேரே படாத அறையில், அழுத்தத்தைக் குறைத்துத் தெளிப்பது வழக்கம். எண்ணெய் வண்ணக் கழுவலுக்குக் கச்சான் காலமே வசதி: மாரியில் பல நாள் பிசுபிசுப்பது அப்போது விரைவில் காய்ந்துவிடும்.