காற்றைக் காட்டிக் கொடுத்த கடல் இரைச்சல்

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. எங்கள் வீட்டு முருங்கையும் எதிர்வீட்டு வேம்பும் சாய்ந்துவிட்டன. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கேள்வி வந்தது. நடுக்கடலில் ஆளும் இல்லை, கருவி வைக்கக் கம்பமும் இல்லை. அங்கே அடிக்கும் காற்றை எப்படி அளக்கிறார்கள்? அறிவியல் படிக்காதவன் நான். ஆனால் ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடிப் படித்தேன்.

ஒரு காலத்தில் மாலுமியின் கண்தான் கருவி. 1805-ல் பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் போஃபர்ட், காற்றைத் தரம் பிரித்து எண் கொடுத்தார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்தப் பெயர் உடனே உறைத்தது. விசாரித்தால், பிரான்சை விட்டு வெளியேறிய புராட்டஸ்டண்டுகளின் வம்சம், பிறந்தது அயர்லாந்தில். பிற்பாடு அலையையும் நுரையையும் பார்த்தே காற்றின் எண்ணைக் குறித்தார்கள். ஆனால் புயலுக்குள் எந்தக் கப்பல் வலியப் போகும்? கணக்கு எங்கே அவசியமோ அங்கேதான் ஏடு காலி.

இரண்டாம் உலகப் போரில் கப்பல் ரேடார்காரர்களுக்கு ஒரு தொல்லை. எதிரியைத் தேடினால், கடல் பரப்பிலிருந்து வரும் எதிரொலி திரையை மறைத்தது. இரைச்சல் என்று ஒதுக்கினார்கள். அந்த இரைச்சல் காற்றோடு சேர்ந்து கூடிக் குறைவது பிறகு புரிந்தது. காற்று வீசினால் நீரில் சில சென்டிமீட்டர் நீளச் சிற்றலைகள் எழும். காற்று வலுத்தால் நீர்ப்பரப்பு இன்னும் சொரசொரப்பாகி, எதிரொலியும் கூடும். ஒரே இடத்தைப் பல கோணங்களில் பார்த்தால் காற்றின் திசையும் தெரியும். இதற்கான ரேடாருக்கு ஸ்காட்டரோமீட்டர் என்று பெயர்.

1973-ல் ஸ்கைலாப் விண்கலத்தில் சோதித்தார்கள். 1978-ல் ஏவிய சீசாட், மின்கோளாறால் மூன்று மாதத்துச் சொச்சத்தில் அடங்கிவிட்டது. ஆனாலும் இது நடக்கும் என்று காட்டிவிட்டது. 1991-ல் ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பியது. கைதிகளைக் கொண்டுபோய்த் தள்ளும் ஊர் என்றுதான் கயானாவைப் பள்ளியில் அறிந்திருந்தோம்!

1999 முதல் காற்றை அளந்த அமெரிக்காவின் குவிக்ஸ்காட்டில், 2009 நவம்பரில் ஆண்டெனா சுழல்வது நின்றது. நல்லவேளையாக, அதே செப்டம்பர் 23-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் ஓஷன்சாட்-2 இதே வகைக் கருவியோடு மேலே போயிருந்தது. எங்கள் முருங்கை சாய்ந்த இரவிலும் அது கடலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

முப்பத்தெட்டு வருடம் கோப்பு பார்த்தவன் நான். ‘தேவையில்லை’ என்று எழுதி எத்தனை காகிதத்தைக் கழித்திருப்பேனோ! இதைப் படித்த பிறகு, அந்த இரண்டாவது அலமாரி நினைவுக்கு வந்து கொஞ்சம் உறுத்துகிறது.