ரயில்வே ஆட்டக்காரரும் இரு கூடாரங்களின் பயிற்சியாளரும்: பி.கே. பானர்ஜி பற்றிய ரசிகர் நினைவு

பிரதீப் குமார் பானர்ஜி 2020 மார்ச் 20 அன்று தம் 83ஆம் வயதில் கொல்கத்தாவில் காலமானார். வங்காளத்துக்கு வெளியே அவரைப் பற்றி எழுதுபவர்கள் பொதுவாக 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுத் தங்கத்தையும், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை ஏற்றதையும் முதலில் சொல்வார்கள். கொல்கத்தா மைதானைச் சுற்றி வளர்ந்த ரசிகர்களிடம் பேச்சு வேறு இடத்தில் தொடங்கும்: 1975 ஷீல்டு இறுதி, 1977இன் மூன்று கோப்பைகள், 1997 ஜூலையின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் வரிசையில் இருப்பவர் ஆட்டக்காரர், இரண்டாவதில் இருப்பவர் பயிற்சியாளர்.

சாதனையின் அளவே நினைவின் அளவைத் தீர்மானிக்கிறது என்றால் கொல்கத்தாவிலும் ஆட்டக்காரரே முன்னே நின்றிருக்க வேண்டும். ஆசியத் தங்கத்துக்கு உள்ளூர்க் கோப்பை எதுவும் ஈடாகாது. ஆனால் ரசிகர் நினைவு சாதனைகளின் கூட்டுத்தொகையாக இயங்குவதில்லை. அதை ஆண்டுதோறும் எடுத்துச் சொல்ல ஒரு கூட்டம் வேண்டும். ஆட்டக்காரர் பி.கே.வுக்கு அப்படியொரு கூட்டம் வாய்க்கவில்லை, பயிற்சியாளர் பி.கே.வுக்கு இரண்டு வாய்த்தன. அதற்கும் மேலாக, ஆட்டக்காரர் பி.கே. கொல்கத்தாவில் மறக்கப்படாமல் இருந்ததற்கே பயிற்சியாளர் பி.கே.தான் பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

தனிமனித நினைவும் சமூகக் குழுக்கள் தரும் சட்டகங்களுக்குள்தான் உருப்பெறுகிறது என்பது பிரெஞ்சுச் சமூகவியலாளர் மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் முன்வைத்த கருத்து. குடும்பம், சமயம், வர்க்கம் ஆகியவற்றை வைத்து அவர் பேசினார். கொல்கத்தாவில் அந்த வரிசையோடு கால்பந்து கிளப்பையும் தயக்கமின்றிச் சேர்க்கலாம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களின் அடையாளமாக ஈஸ்ட் பெங்காலும், மேற்கு வங்கப் பூர்வீகத்தாரின் அடையாளமாக மோகன் பகானும் வேரூன்றிய நகரம் அது. பிள்ளை எந்த அணியின் ரசிகன் என்பதைப் பெரும்பாலும் தகப்பனின் ஊரே முடிவு செய்தது. வென்ற அன்று சமையலறைக்குப் போவது இலிசா மீனா இறாலா என்பதிலும் இந்தப் பிரிவினை உண்டு. பழைய ஆட்டங்கள் இப்படிப்பட்ட வீடுகளில் குடும்பக் கதைகளாகவே கைமாறுகின்றன.

பி.கே. இந்த இரு வீடுகளில் எதற்காகவும் ஆடியதில்லை. ஜல்பாய்குரியில் பிறந்து ஜம்ஷெட்பூரில் வளர்ந்தவர், பீகாருக்காகச் சந்தோஷ் கோப்பையில் ஆடியபோது பள்ளி வயதைத் தாண்டியிருக்கவில்லை. கொல்கத்தா வந்து ஆரியன் கிளப்பில் சிறிது காலம் ஆடிய பின் 1955இல் ஈஸ்டர்ன் ரயில்வேயில் சேர்ந்தார். அதன் பிறகான அவருடைய ஆட்ட வாழ்வு முழுவதும் அங்கேயே கழிந்தது. வேலையும் சம்பளமும் தந்த அலுவலக அணி அது. 1958இல் அந்த அணி கொல்கத்தா லீக்கை வென்றது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூவருக்கு வெளியே இன்னோர் அணி அந்தப் பட்டத்தைத் தொட 2019 வரை, பியர்லெஸ் அணி வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எவரும் திரும்பச் செய்யாத காரியம் இது. இருந்தும் இதை ஆண்டுவிழாவாகக் கொண்டாட யாருமில்லை. ரயில்வே அணிக்கு ஊழியர்கள் இருந்தார்கள், அபிமானிகளும் இருந்தார்கள். ஆனால் தோற்றால் இரவு சாப்பிடாமல் படுக்கும் குடும்பங்கள் அந்த அணிக்கு இல்லை.

அவருடைய காலத்து முன்னணி வரிசையில் மூவரைச் சேர்த்தே சொல்வார்கள்: பி.கே., சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். சுனி கிளப் வாழ்வு முழுவதும் மோகன் பகானுக்கு ஆடியவர், 1962இல் தங்கம் வென்ற அணியின் தலைவர். பி.கே. மறைந்து ஆறு வாரத்துக்குள் அவரும் போய்ச் சேர்ந்தார். பெரிய கிளப் பயிற்சியாளர் என்று யாரும் அவரை நினைப்பதில்லை. பிறகு கிரிக்கெட்டுக்குப் போய் வங்காள அணியை ரஞ்சி இறுதிவரை கொண்டுசென்றவர் என்பதுகூட அவருக்கு ஒரு கொசுறுப் பெருமைதான். அவரை ஆட்டக்காரராகவே காப்பாற்றி வைக்க மோகன் பகான் என்ற வீடு இருந்தது.

பலராம் வேறு கதை. செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஈஸ்ட் பெங்காலின் கண்மணியாக இருந்தவர். ரோமில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு அணிக்கு எதிராகவும் கோல் அடித்தவர். நுரையீரல் நோயால் இருபத்தேழு வயதை ஒட்டி ஆட்டத்தை விட்டார். கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் ஓசையின்றி வாழ்ந்து 2023இல் மறைந்தார். (தமிழ் விளையாட்டுப் பக்கங்கள் இவரை எவ்வளவு தூரம் தெரிந்து வைத்திருக்கின்றன என்பது தனியே எழுதப்பட வேண்டியது. அந்தக் கட்டுரை நமக்குப் பெருமை சேர்க்காது.) மூவரின் ஆட்டத் திறனையும் ஒப்பிட்டவர்களில் பலராமையே முழுமையான ஆட்டக்காரர் என்றவர்கள் உண்டு. ஆயினும் மூவரில் மங்கிப்போன பெயர் அவருடையதுதான். ஈஸ்ட் பெங்கால் என்ற கூட்டம் அவருக்கு இருந்தது. ஆட்டத்தை விட்ட பின் அந்தக் கூட்டத்தின் முன் மீண்டும் மீண்டும் நின்று தம்மை நினைவூட்டும் வேலைதான் அவருக்கு அமையவில்லை.

பி.கே.வுக்கு அமைந்த வேலை அதுவே. 1972இல் ஈஸ்ட் பெங்காலின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். அந்த ஆண்டு தொடங்கி 1975 வரை நான்கு லீக் பட்டங்களும் அங்கேயே வந்தன. கிளப்பின் தொடர் ஆறு பட்டங்களில் கடைசி நான்கு அவை. 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில், மோகன் பகான் மைதானத்திலேயே, மோகன் பகானை 5-0 என்று வீழ்த்தினார்கள். அந்தத் தோல்வி எதிர்முகாமில் உண்டாக்கியது வெறும் வருத்தமாக நிற்கவில்லை. இளம் ரசிகர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பது நகரம் இன்றும் தாழ்ந்த குரலில் சொல்லும் செய்தி.

அடுத்த பருவத்தில் அதே மனிதர் மோகன் பகானின் பயிற்சியாளர். 1976 லீக்கில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 17ஆம் நொடியில் முகமது அக்பர் அடித்த கோலும், அந்த ஆண்டு பட்டம் கைமாறியதும் இந்தப் பெயர்ச்சியின் முதல் கணக்கு. 1977 லீக் மறுபடி ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது. அதன் பிறகு செப்டம்பர் 24 அன்று ஈடன் தோட்டத்தில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் 2-2 சமன். சில நாள் கழித்து ஷீல்டு இறுதியில் சியாம் தாபாவின் ஒற்றைக் கோலால் ஈஸ்ட் பெங்காலை வென்றார்கள். ரோவர்ஸ் கோப்பையும் டூரண்ட் கோப்பையும் தொடர்ந்து வந்தன.

ஒரு வீட்டைச் சேர்ந்த ஆட்டக்காரர் இப்படி எதிர்முகாம் போனால் துரோகி என்ற சொல் எளிதில் விழும். பி.கே. மீது அது ஒட்டவில்லை. அவர் எந்த வீட்டிலும் பிறக்காதவர் என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ரயில்வே ஜெர்சி அவரை ஆட்டக்காரராக ஒதுக்கி வைத்தது. பயிற்சியாளரானபோது அதுவே இரு வாசல்களுக்குமான அனுமதிச் சீட்டாயிற்று. விளைவாக, 5-0ஐ ஈஸ்ட் பெங்கால் குடும்பமும் 1977ஐ மோகன் பகான் குடும்பமும் தனித்தனியே பாதுகாக்க, இரண்டு கதைகளிலும் ஒரே பெயர் வருகிறது. வேறெந்த வங்காள ஆட்டக்காரரின் பெயரும் இப்படி இரண்டு பெட்டகங்களிலும் ஒரே மதிப்போடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். அந்த ஆண்டுகளில் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் இந்த இரண்டு கிளப்புகளில்தான் குவிந்தார்கள், ஹபீபும் அக்பரும் சியாம் தாபாவும் இருக்கும் அணியை யார் நடத்தினாலும் வெல்லும், பயிற்சியாளரின் பங்கு ஊதிப் பெரிதாக்கப்பட்டது என்பது அந்த மறுப்பு. இதில் பாதி உண்மை. ஆனால் 1980ஐ என்ன செய்வது? அந்த ஆண்டு ஈஸ்ட் பெங்காலின் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் முகமதனுக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களோடு, புதிதாக வந்த ஈரானிய இளைஞர்கள் மஜீத் பாஸ்கரையும் ஜாம்ஷித் நாசிரியையும் சேர்த்து பி.கே. கட்டிய அணி ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானுடன் பகிர்ந்துகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஈடன் தோட்டத்தில் இரு அணிகளும் மோதியபோது நடந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் மாண்டார்கள். கேலரிப் பற்று என்று நாம் கொண்டாடுவதன் மறுபக்கம் அது. அந்தக் கால நினைவை ஆராய்பவர் அதைத் தாண்டிப் போகக் கூடாது.

மறுப்பின் இன்னொரு பகுதி ‘வோக்கல் டானிக்’ பற்றியது. ஆட்டத்துக்கு முன் ஓய்வறையில் பி.கே. பேசும் பேச்சுக்கு மைதான் வைத்த பெயர் அது. அந்தப் பேச்சு ஆட்டத்தை எவ்வளவு மாற்றியது என்று அளக்க வழியில்லை. அளக்கத் தேவையும் இல்லை, ஏனெனில் நம் கேள்வி நினைவைப் பற்றியது. திறமான தற்காப்பு அமைப்பை ஒரு ரசிகனால் வீட்டில் நடித்துக் காட்ட முடியாது. ஓய்வறையில் சொன்னதாகக் கேள்விப்பட்டதை நடித்துக் காட்டலாம், குரலை ஏற்றி இறக்கலாம், தன் சரக்கையும் கொஞ்சம் சேர்க்கலாம். வாய்வழியே கடக்கும் நினைவுக்கு ஏற்ற தீனி அது. பத்திரிகைப் பத்தியிலும் மேடையிலும் பேட்டியிலும் பி.கே. ஓயாமல் பேசினார். மெல்பர்ன் ஒலிம்பிக்கும் ரோமும் ஜகார்த்தாவும் அந்தப் பேச்சில் வந்துகொண்டே இருந்தன. ரோமில் பிரான்ஸுக்கு எதிராக அவர் அடித்த கோலையோ, 1962 செப்டம்பர் 4 அன்று பகைமை கொந்தளித்த செனாயன் அரங்கில் தென்கொரியாவுக்கு எதிராக அடித்த முதல் கோலையோ கொல்கத்தாவில் கண்ணால் கண்டவர் மிகச் சிலர். அந்த நகரத்துக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975 ஆகஸ்டில். பார்க்காத ஆட்டத்தை நகரம் நம்பியது ஆட்டக்காரரின் வாயிலிருந்தே கேட்டதால். பயிற்சியாளர் என்ற பதவி அவருக்குத் தந்த மேடை அது. பலராமுக்குக் கிடைக்காததும் அதுவே.

1997 ஜூலை 13 இந்தப் பேச்சுக்கலையின் உச்சம். சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, 1,31,781 பார்வையாளர்கள். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, ‘டைமண்ட்’ அமைப்பால் அந்தப் பருவத்தில் எல்லாரையும் மிரள வைத்திருந்தவர். ஆட்டத்துக்கு முன் எதிரணி ஆட்டக்காரர்களின் பெயர்களைத் திரித்துக் கேலி செய்தார். பாய்ச்சுங் பூட்டியா ‘சுங் சுங்’ ஆனார், ஒமோலோ ‘ஆம்லெட்’ ஆனார். ஈஸ்ட் பெங்கால் பக்கம் இருந்த பி.கே.வுக்கு அதைவிட நல்ல மருந்துச் சரக்கு வேண்டியதில்லை. பாய்ச்சுங் மூன்று கோல் அடிக்க ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது.

அமல் தத்தாவும் இந்தியாவுக்கு ஆடியவர், இரு கிளப்புகளுக்கும் பயிற்சி அளித்தவர். அவரை நகரம் சிந்தனையாளராக மதிக்கிறது, அந்த மதிப்பு நியாயமானது. ஆனால் அவருடைய பெயரைச் சொன்னதும் ஓர் அமைப்பு ஞாபகம் வருகிறது. பி.கே. பெயரைச் சொன்னால் ஒரு குரல் ஞாபகம் வருகிறது. அறிஞர்கள் முதலாவதை உயர்வாகக் கருதலாம். ரசிகர் கூட்டம் எப்போதும் இரண்டாவதைத்தான் தூக்கிச் சுமக்கும்.

தேசிய அணிப் பயிற்சியாளர் பி.கே.வை இதில் எங்கே வைப்பது? 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் அவருடைய அணி காலிறுதியில் சவூதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றது. அதைப் பற்றிக் கோபமோ கதையோ அதிகம் இல்லை. தோல்வியென்பதால் மறந்தார்கள் என்று சொல்ல முடியாது, 5-0 தோல்வியை மோகன் பகான் ரசிகர்கள் மறக்கவேயில்லை. தேசிய அணிக்கு அந்நாளில் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கவில்லை என்பதே விளக்கம். ஒப்பிட்டுப் பார்த்தால், யோஹான் க்ரைஃப் பார்சிலோனாவில் ஆடி, அங்கேயே 1988 முதல் 1996 வரை பயிற்சியும் அளித்தார். அவருடைய இரு வாழ்வுகளும் ஒரே வீட்டில் தங்கியதால் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. பி.கே.வின் வாழ்வு ஆய்வாளருக்குப் பயன்படுவது அது பிரிந்து கிடப்பதால்தான்.

இந்தப் பிரிவு இனி அப்படியே நீடிக்காது. 1975ஐக் கேலரியில் நின்று பார்த்த பதின்வயதினர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். ஒரு நிகழ்வின் வாய்மொழி நினைவு மூன்று தலைமுறை, எண்பது அல்லது நூறு ஆண்டு தாங்கும், பிறகு நிறுவனங்களும் நூல்களும் சடங்குகளும் எடுத்துக்கொண்டால்தான் உண்டு என்பது பண்பாட்டு நினைவை ஆராய்ந்த யான் அஸ்மனின் கணிப்பு. நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்கியிருப்பது ஆட்டக்காரரைத்தான். 1961இல் அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீரர் என்ற வரி எல்லாக் குறிப்பிலும் இருக்கிறது. 2004இல் ஃபிஃபா அளித்த நூற்றாண்டு விருதும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. 2024இல் வந்த ‘மைதான்’ இந்திப் படம் 1962இல் தங்கம் வென்ற அணியின் பயிற்சியாளர் ரஹீமின் கதை. அதில் பி.கே. ஜகார்த்தாவின் இளம் ஆட்டக்காரராக மட்டுமே வருகிறார். கொல்கத்தாவை அறியாத ஒரு தலைமுறைக்கு இனி அவர் அந்த முகம்தான். அதற்கு எதிர்த்திசையில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அவர் பிறந்த ஜூன் 23ஐ அடித்தள வளர்ச்சி நாளாக அறிவித்தது. ஜம்ஷெட்பூரின் டாடா கால்பந்து அகாதெமியில் தொழில்நுட்ப இயக்குநராகச் சிறுவர்களை வளர்த்த பி.கே.வுக்கு அது பொருந்தும். ஆனால் நாட்காட்டியில் இருக்கும் நாளை ரசிகர்கள் கொண்டாடுவதில்லை, பயிற்சி முகாம்கள் கொண்டாடுகின்றன.

இன்னும் இருபது ஆண்டில் வங்காளத்துக்கு வெளியே ஆட்டக்காரர் பி.கே. தனியே நிற்பார், வங்காளத்துக்குள் பயிற்சியாளர் பி.கே. 1997ஆகச் சுருங்குவார் என்று எதிர்பார்க்கிறேன். 1975இன் 5-0 எண்ணாக மட்டும் எஞ்சும். 1997க்கோ அன்று அரங்கில் இருந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாட்சி, அவர்களில் இளையவர்களுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் கதை சொல்லும் வயது இருக்கிறது. 1958 லீக் பட்டம் எந்தக் கணக்கிலும் வராது. பியர்லெஸ் வென்ற 2019இல் அது ஒருமுறை செய்தித்தாளில் எட்டிப் பார்த்தது. இன்னோர் அலுவலக அணி அந்தப் பட்டத்தைத் தொடும் வரை அதைத் தேடுவார் யாரும் இருக்கப்போவதில்லை.