அப்போஸ்தலன்

பெயர்ச்சொல். அனுப்பப்பட்டவன். பொது மொழிபெயர்ப்பில் 'திருத்தூதர்'.

கிரேக்கத்தின் 'அப்பொஸ்தொலொஸ்' தமிழ் வேதாகமத்தில் 'அப்போஸ்தலன்' ஆயிற்று. 'அப்பொ' என்றால் 'விட்டு, அப்பால்'. 'ஸ்டெல்லெய்ன்' என்றால் 'அனுப்புதல்'. பழைய கிரேக்கத்தில் கடற்படையை அனுப்பும் பயணத்துக்கும் இந்தப் பெயர் உண்டு. சொல்லின் வேரில் பதவி இல்லை, பயணம்தான் இருக்கிறது.

இந்தப் பெயருக்குப் பவுல் தகுதியானவர்தானா என்று கொரிந்து சபையில் சிலர் கேட்டார்கள். கடிதத்தில் கனமானவர், நேரில் பலவீனர் என்றார்கள். 2 கொரிந்தியர் 10 முதல் 13 வரையுள்ள அதிகாரங்கள் அதற்கான பதில். அங்கே பவுல் காட்டும் சான்றுகள் அடிகளும், மூன்று கப்பற்சேதங்களும், சபைகளைப்பற்றிய அன்றாடக் கவலையும்தான். தமக்குத் தரப்பட்ட அதிகாரம் இடிப்பதற்கல்ல, கட்டுவதற்கே என்று இரண்டு முறை எழுதுகிறார்.

எபிரெயர் 3:1 இயேசுவையே அப்போஸ்தலர் என்று அழைக்கிறது. அடுத்த வசனம் அவரை மோசேயைப்போல் உண்மையுள்ளவர் என்கிறது. மோசேக்கு அந்த நற்சான்று கிடைத்தது எப்போது? மிரியாமும் ஆரோனும் அவரது அதிகாரத்தைக் கேள்வி கேட்ட வேளையில் (எண்ணாகமம் 12). மோசே தமக்காக வாதாடவில்லை, தேவனே பேசினார். பிறகு மிரியாமுக்காக மன்றாடியவரும் அதே மோசேதான்.

நம் தகுதியை யாராவது கேள்வி கேட்டால் இந்தச் சொல்லை நினைத்துக்கொள்வோம். அனுப்பியவர் மாறவில்லை, அவர் தந்த வேலையும் அப்படியே இருக்கிறது.