யாரைப் பார்த்துச் சிரிப்பது?

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு அருகே, இரும்பை என்றொரு சிற்றூர். சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. கடுவெளிச் சித்தரைப் பற்றி அவ்வூரில் ஒரு கதை வழங்குகிறது. திருவிழாவில் ஆடிய நடன மங்கையின் காற்சிலம்பு கழன்று விழுந்ததாம். சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டினாராம். துறவியின் செய்கை புரியாத ஊரார் கைகொட்டிச் சிரித்தார்கள். மனம் நொந்து அவர் பாட, லிங்கம் பிளந்துவிட்டது என்பது கதை. செம்புத் தகட்டால் பிணைத்த லிங்கத்தை இன்றும் தரிசிக்கலாம்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால், தனக்குப் புரியாததைக் கண்டு சிரிப்பது பெரும் பிழை என்று நம்மவர்கள் கருதியிருக்கிறார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு, குழந்தைகளுக்கான சித்திரப் படங்களைச் சற்றே அளந்து பார்ப்போம்.

பம்பாயில் 1865-ல் பிறந்த கிப்ளிங், 'ஜங்கிள் புக்'கை 1894-ல் வெளியிட்டார். கீழை நாட்டாரை ஆள்வது வெள்ளையர் சுமக்க வேண்டிய பாரம் என்று பாடியவரும் அவரே. அவருடைய காட்டில் ஓநாய்களுக்குக்கூடச் சட்டம் உண்டு. குரங்குக் கூட்டத்துக்கு மட்டும் சட்டமும் இல்லை, தலைவனும் இல்லை. 1967-ல் இதைப் படமாக்கிய டிஸ்னி கம்பெனியார், குரங்குகளுக்கு ஓர் அரசனைச் சேர்த்தார்கள். அது ஒராங்குட்டான்; போர்னியோவிலும் சுமத்ராவிலும் வாழ்வது, இந்தியக் காட்டில் கிடையாது! அமெரிக்கக் கறுப்பர்கள் வளர்த்த ஜாஸ் இசையில், மனிதனாக வேண்டும், நெருப்பின் ரகசியம் வேண்டும் என்று அது ஆடிப் பாடுகிறது. இந்தக் கேலி யார்மீது பாய்கிறது என்று பலர் கேட்டதில் வியப்பில்லை.

அதே படத்தில் வரும் யானைக் கர்னல், தனக்கு விக்டோரியா சிலுவை கிடைத்ததாகப் பெருமை பேசுகிறது. குழந்தைகள் சிரிக்கிறார்கள். ஆனால் 1911 வரை, எவ்வளவு தீரச் செயல் புரிந்தாலும், இந்தியச் சிப்பாய்க்கு அந்த விருது கிடையாது என்பது சரித்திரம். சித்திரத்தில் யானைக்குக் கிடைத்த கௌரவம், ரத்தம் சிந்திய மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

'பீட்டர் பான்' (1953) படத்திலோ, அமெரிக்காவின் ஆதிக்குடிகளைச் சிவந்த தோலர் என்று சொல்லி, அவர்கள் நிறத்துக்கே ஒரு வேடிக்கைப் பாட்டும் பாடினார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் கதை, கோமாளிக் கூத்தாகிவிட்டது.

இதற்கு மாறான ஓர் உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. டிஸ்னியிடம் பணிபுரிந்த கிளேர் வீக்ஸ் என்பவர் 1956-ல் பம்பாய்க்கு வந்து, அரசாங்கத்தின் பிலிம்ஸ் டிவிஷன் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதன் விளைவாக 1957-ல் உருவானது 'ஆலமர மான்' என்னும் படம். சினையான பெண்மானுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வந்த மான் அரசனைப் பற்றிய ஜாதகக் கதை அது. தொழில் வெளியிலிருந்து வந்தது. பார்வை நம்முடையதாக இருந்தது.

2020-ல் டிஸ்னி கம்பெனியார் தங்கள் பழைய படங்கள் சிலவற்றுக்கு முன்னால், இவற்றில் பிற மக்களைத் தவறாகச் சித்திரித்திருக்கிறது என்று எச்சரிக்கை வாசகம் சேர்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை அதை எப்படிப் படிக்கும்? படத்தை எரிக்க வேண்டாம். பூட்டி வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, அவர்கள் உண்மையில் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்று எடுத்துச் சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் போதும்.