கட்டவிழ்ந்த நாயும் உரிமையாளன் பொறுப்பும்

மனிதன் பழக்கிய விலங்குகளுள் அவனோடு மிக நெருங்கி வாழ்வது நாய். அந்நெருக்கத்திலிருந்தே பழமையான சட்டவினா ஒன்று எழுந்தது. கட்டவிழ்ந்த நாய் வழிப்போக்கனைக் கடித்தால் இழப்பைச் சுமக்க வேண்டியவன் யார்? கடியுண்டவனா, வளர்த்தவனா?

உரோமர் இதற்கு மிக முற்பட்ட காலத்திலேயே விடை கண்டனர். கி.மு. 450 அளவில் எழுந்த பன்னிரு பலகைச் சட்டத்தின்படி, நாற்கால் விலங்கு ஊறு விளைத்தால் உரிமையாளன் நட்டஈடு செலுத்த வேண்டும்; அல்லது விலங்கையே ஒப்படைக்க வேண்டும். பகுத்தறிவற்ற விலங்கு குற்றம் புரிந்ததெனல் பொருந்தாது. உரிமையாளன் தவறிழைத்தான் என நிறுவவும் வேண்டியதில்லை. உடைமையே பொறுப்பிற்குப் போதிய காரணமாயிற்று.

இவ்விதிக்கு விலக்கும் இருந்தது. கி.பி. 3 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த சட்ட அறிஞர் உல்பியனின் கருத்து, 533 இல் யுஸ்தினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. நாயை நடத்திச் சென்றவன் அதனை உறுதியாகப் பிடிக்கத் தவறியமையால் அது பிறரைத் தாக்கின், பொறுப்பு அவனையே சாரும் என்பது அக்கருத்தாகும். இங்கு சங்கிலியைப் பிடித்த கையின் கவனமின்மையே அளவுகோலாகின்றது.

ஆங்கிலப் பொதுச் சட்டம் வேறு வழியிற் சென்றது. நாயின் கொடிய இயல்பை உரிமையாளன் முன்னரே அறிந்திருந்தான் எனக் கடியுண்டவனே நிறுவ வேண்டியிருந்தது. 1865 ஆம் ஆண்டின் நாய்கள் சட்டம் ஆடுமாடுகளுக்கு நேரும் ஊறு குறித்து இந்நிபந்தனையை நீக்கியது. மனிதருக்கு நேரும் ஊறு குறித்து நீக்கவில்லை. கடியுண்ட ஆட்டின் சொந்தக்காரனுக்கு எளிதாய்க் கிட்டிய நீதி, கடியுண்ட மனிதனுக்குக் கிட்டாமற் போயிற்று. 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் இந்நிபந்தனையை முற்றாகக் கைவிடவில்லை.

உரோமர் நெறியோ ஒல்லாந்த அறிஞர் வழியாகத் தென்னாபிரிக்காவில் நிலைத்தது. உரிமையாளன் தவறற்றவனாயினும் பொறுப்புடையவனே என்பதை 1927 இல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நாயை ஒப்படைத்துத் தப்பும் வழி வழக்கொழிந்தது எனவும் கண்டது. 2020 இல் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கில், வீதியிற் சென்ற ஏழைத் தொழிலாளி ஒருவர் மூன்று நாய்களாற் குதறப்பட்டுக் கையொன்றை இழந்திருந்தார். யாரோ ஒருவன் வாயிலைத் திறந்துவிட்டமையால் தாம் பொறுப்பல்லர் என உரிமையாளர் வாதிட்டார். நாய்களைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவனது கவனமின்மைக்கே விலக்கு உரியது என நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்தது. உல்பியன் வகுத்த எல்லை அங்கும் மீறப்படவில்லை.

ஒல்லாந்தர் காலத்துச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் இலங்கையிற் பேணினர். ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. ஆயினும் உரோமர் நெறி உரிமையாளன் ஒருவன் உளன் என்ற அடிப்படையில் எழுந்தது. எவருக்கும் உரிமையற்ற தெருநாய் கடித்தால் அந்நெறி மௌனமாகின்றது. நாய் தனக்குரியதெனக் கூறுவோன் இல்லாத வீதியில் இழப்பு முழுவதும் கடியுண்டவன் மீதே விழுகின்றது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அப்பழைய நெறி விடை கூறாது விட்ட இடம் இதுவேயாகும்.